பள்ளிப் பிள்ளைகளின் பிரயாணம்

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளிப் பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துச் சென்று நாலு இடங்களைக் காட்டி வருவது மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. பேராக் மாநிலத்திலும் அவ்வாறே. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும், ஈப்போப் பிள்ளைகள் தைப்பிங்குக்கும் கோலாலம்பூருக்கும் பேருந்தேறிப் போகின்றனர். இதனால் யாது பயன் என்று கேட்டால், பிள்ளைகளுக்குத் தைரியம் வரும், தம் காலில் நிற்கக் கற்றுக்கொள்வார்கள் என்று உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் ஒருமுகமாகச் சொல்லுகின்றனர். நல்ல வார்த்தைதான். ஆனால் ஒரு வார்த்தை நல்லதாகத் தோன்றுகிறது என்பதற்காகவே அதை ஆராயாமல் ஒப்புக்கொண்டு விடுவது நம்மவரிடையே நெடுநாளாக இருந்துவரும் பழக்கமாதலால், இதையேனும் சற்று உரைத்துப் பார்ப்போம்.

முதலில் அப்பிரயாணம் நடைபெறும் முறையைக் கவனியுங்கள். பொழுது விடியுமுன்னரே பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் கூடுகின்றனர். எல்லார்க்கும் ஒரே நிறச் சட்டை. கழுத்தில் பெயர்ச் சீட்டு. உபாத்தியாயர் எண்ணுகிறார். பேருந்தில் ஏறியதும் எண்ணுகிறார், இறங்கியதும் எண்ணுகிறார். பசியாறுவதற்கு அம்மா கட்டிக்கொடுத்த பொட்டலம் மடியில் இருக்கிறது; அதை எப்பொழுது அவிழ்ப்பது என்பதையும் ஒலிபெருக்கிதான் சொல்ல வேண்டும். பொருட்காட்சிசாலையில் இருவர் இருவராக நிற்கின்றனர். வழிகாட்டி பேசுகிறார், இவர்கள் தலையாட்டுகின்றனர். தொடாதே, ஓடாதே, வரிசையை விட்டு விலகாதே என்னும் மூன்று மந்திரங்கள் காலை முதல் மாலை வரை இடைவிடாது ஓதப்படுகின்றன. கடைசியில் ஒரு கடைவாசலில் அரை மணி நேரம் அவிழ்த்து விடுகின்றனர். ஆளுக்கொரு சாவிக்கொத்து வாங்குகின்றனர். திரும்பவும் எண்ணிக்கை, திரும்பவும் பேருந்து, தூக்கம், வீடு. மறுநாள் "நான் சென்ற சுற்றுலா" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுகின்றனர். இக்கட்டுரைகளைத் திருத்திப் பழகியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகள் எழுதிய நாற்பதும் மகிழ்ச்சியாக இருந்தது என்றே முடியும்.

அந்த நாள் முழுவதிலும் அப்பிள்ளை தானாகத் தீர்மானித்த காரியம் யாது? சாவிக்கொத்தின் நிறம் ஒன்றுதான்.

இவ்வாறு சொல்வதால் அப்பிரயாணம் பயனற்றது என்று நாம் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். கடலையே காணாத பிள்ளை கடலைக் காண்பது பெரிய காரியம். தைப்பிங் பொருட்காட்சிசாலை 1883-ஆம் ஆண்டில் தோன்றியது. மலேசியாவில் மிகப் பழையது. அதனுள் ஒருமுறை நுழைந்து வந்த பிள்ளைக்குத் தன் தாத்தா காலத்துக்கு முன்னும் உலகம் இருந்தது என்பதாவது மனத்தில் பதியும். ஆனால் காட்சி வேறு, சுயேச்சை வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்று கிடைத்துவிட்டதாக நாம் கணக்கு எழுதிக்கொள்கிறோம் என்பதே நமது ஆட்சேபம்.

அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேராக்கில் தமிழன் வரிசையில் நின்று எண்ணப்படுவது நேற்று வந்த வழக்கமன்று. இருள் பிரியாத வேளையில் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் நிற்பர். கிராணி பெயர் கூப்பிடுவார். கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். எந்த நிரை, எத்தனை மரம், எப்பொழுது பால் எடுப்பது என்பதெல்லாம் ஒருவர் சொல்ல மற்றவர் செய்வது. தோட்டத்து வாயிலைத் தாண்டி உறவினர் உள்ளே வரவேண்டுமானாலும் துரையின் தயவு வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகளே இன்று அந்தப் பள்ளிகளில் படிப்பவர்கள்.

இந்நாட்டுத் தமிழரின் சரித்திரமே பிரயாணங்களின் சரித்திரம் என்று சொல்லலாம். ஆனால் அவற்றுள் பிரயாணம் செய்தவர் தாமே விரும்பித் திட்டமிட்டது எத்தனை? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றது. கங்காணி ஆள் சேர்த்து வரும் முறை அதன் பின்னரும் தொடர்ந்து, 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்த பின்னரே ஓய்ந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களில் பலர், பினாங்கில் இறங்கிய பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்பதைப் பிறர் வாயால் கேட்டே அறிந்தனர். ஜப்பானியர் ஆட்சியில், 1942-43-இல், சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரவர் ஏற்றிச் செல்லப்பட்டனர். திரும்பாதவர் மிகப் பலர். 1948 ஜூன் மாதத்தில் இதே பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுடப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. அதன்பின் லயங்களைப் பெயர்த்து ஒன்றுசேர்த்து முள்வேலி கட்டி, நேரக் கட்டுப்பாட்டுக்குள் ஜனங்களை வைத்தனர். பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீட்டு மனைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டியவர் ஒருவர், கட்டச் சொன்னவர் வேறொருவர். இதற்கு மாறாக நடந்த ஒன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபொழுது, தொழிலாளர்கள் தவணையாகச் சேர்த்த பணத்தைக்கொண்டு தோட்டங்களையே வாங்க முடிந்தது. போகச் சொன்னபொழுது போகாமல், இருப்பதா போவதா என்று தாமே தீர்மானித்த அபூர்வமான காலம் அது.

பாட்டனை எண்ணிய கையும் பேரனை எண்ணும் கையும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. முன்னது கூலிக் கணக்குக்காக எண்ணிற்று. பின்னது ஒரு பிள்ளையும் தவறிவிடக் கூடாதே என்னும் கவலையால் எண்ணுகிறது. இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை பெரிது. ஆயினும் எண்ணப்படுகின்றவன் அதில் கற்கும் பாடம் அவ்வளவு வேறானதா? நான் எங்கே இருக்கிறேன் என்பதை அறிந்துகொள்வது என் பொறுப்பன்று, அதை அறிய ஒருவர் இருக்கிறார் என்பதே அவன் கற்பது. இப்பாடத்தை நாம் போதுமான அளவுக்கு மேலேயே கற்றிருக்கிறோம். இனியும் செலவு செய்து பேருந்து பிடித்துக் கற்பிக்க வேண்டுமா என்பதே கேள்வி.

நிற்க. பழைய தோட்டத்துப் பிள்ளை கோழை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தாய் மரம் வெட்டப் போயிருக்கும் நேரத்தில் எட்டு வயதுப் பெண் உலை வைத்தாள். தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டு, பிறகு பள்ளிக்கு ஓடினாள். விடுமுறை நாட்களில் பிள்ளைகள் மங்கு துடைத்தனர், கட்டிப்பால் பொறுக்கினர். எந்தக் கால்வாயில் மீன் கிடைக்கும், எந்தப் புதரில் பாம்பு கிடக்கும், மழை வருமுன் காற்று எப்படி மாறும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு இல்லாதது தைரியமன்று, எல்லைதான் குறுகியது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரேனும் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று விதித்தது. பள்ளியும் தோட்டத்துக்குள்ளேயே, அதில் படித்து முடித்தபின் கிடைக்கும் வேலையும் தோட்டத்துக்குள்ளேயே. அப்படிப்பட்ட பிள்ளையை ஒரு நாள் ஈப்போவுக்கு அழைத்துச் சென்று, இப்படியும் ஓர் உலகம் உண்டு என்று காட்டினால், அதுவே ஒரு விடுதலைதான். அக்காலத்துக்குக் காட்சியே போதுமானதாக இருந்தது.

இன்றைய பிள்ளையின் நிலைமை நேர் எதிரிடை. தோட்டம் போயிற்று, குடும்பம் பட்டணத்து ஓரத்தில் ஒரு தாமானில் குடியேறிவிட்டது. கைப்பேசியில் அவன் காணாத தேசமில்லை. தோக்கியோப் பட்டணத்துப் பாலத்தின் பெயரைச் சொல்லுவான். தன் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளியுள்ள கடைக்குத் தனியே போய்ச் சர்க்கரை வாங்கி வரமாட்டான். போக விடுவாரில்லை. வாசலில் வேன் ஏறிப் பள்ளியில் இறங்குகிறான். பள்ளியில் ஏறி டியூஷனில் இறங்குகிறான். பெற்றோரின் அச்சம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. மோட்டார் வண்டிகளும் திருடரும் உள்ள உலகம் இது. ஆனால் விளைவு என்னவாயிற்று? பாட்டிக்குத் திறமை இருந்தது, எல்லை இல்லை. பேரனுக்கு எல்லை வானளாவ விரிந்திருக்கிறது, திறமை இல்லை. இவனைப் பேருந்தில் ஏற்றி இன்னும் நாலு காட்சிகளைக் காட்டுவது, வயிறு நிறைந்தவனுக்கு மேலும் சோறிடுவதை ஒக்கும்.

அப்படியானால் பிள்ளைகளிடம் "சுயேச்சையாக இருங்கள்" என்று சொல்லிவிட்டால் போதுமா என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. அவ்வாறு கட்டளையிட்டதும் பிள்ளை அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சுயேச்சையாக இருக்க முயலுவான். கீழ்ப்படிந்து பெற்ற சுயேச்சை எவ்வகைச் சுயேச்சை? கான்ட் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி இதைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார். கல்வியைக் குறித்து அவர் செய்த பிரசங்கங்கள் 1803-இல் நூலாக வெளிவந்தன. ஒருவனைக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்திக்கொண்டே அவன் தன் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் சக்தியையும் எவ்வாறு வளர்ப்பது என்பதைக் கல்வியின் பெருஞ்சிக்கல்களில் ஒன்றாக அவர் எடுத்துக் காட்டினார். கட்டுப்பாடு வேண்டும் என்பதையும் அவர் மறுக்கவில்லை.

இச்சிக்கலைத் தத்துவஞானிகளிடமே விட்டுவிட வேண்டியதில்லை; மரம் வெட்டத் தெரிந்த எந்தப் பாட்டியும் இதற்குப் பாதி விடை சொல்லுவாள். பால்மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். அக்காயம் ஆறினாலும் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும், மறுமுறை அங்கே வெட்ட முடியாது. ஆழம் போதாவிட்டால் பால் வராது. இந்த அளவு வாயால் சொல்லி வருவதன்று; கைக்குத்தான் தெரியும். ஆகையால் வெட்டப் பழகுகிறவனின் கையில் கத்தியைக் கொடுத்தே தீர வேண்டும். ஆனால் எந்த மரத்தைக் கொடுப்பது? நல்ல இளமரத்தைக் கொடுப்பது மடமை. கழிக்கப்போகும் கிழமரத்தைக் கொடுப்பதே விவேகம். அவன் பத்து இடத்தில் காயப்படுத்தட்டும். நஷ்டம் சிறிது, கற்கும் வித்தை பெரிது. பழக்குகிறவர் பக்கத்தில் நிற்பார். கையைப் பிடித்துக்கொண்டு வெட்டமாட்டார். பிள்ளைகளின் பிரயாணத்துக்கும் இதுவே முறை. தவறு செய்யக்கூடிய இடமாகவும், செய்த தவறு மீளாத நஷ்டமாகாத இடமாகவும் பார்த்து, அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

இப்படிச் செய்தவர்கள் உலகில் உளர். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, யுத்த காலத்தை இந்தியாவிலேயே கழித்தவர். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே போக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் வழியில் நடக்கும் பள்ளிகளில், முழு வகுப்பையும் ஒரு மந்தையாக ஓட்டிச் செல்வதில்லை. மூன்று நான்கு பிள்ளைகள் ஒரு காரியத்தின் பொருட்டுத் தாமே இடம் தேர்ந்து, தாமே விசாரித்து, வழியறிந்து சென்று வருவர். பெரியவர் ஒருவர் உடன் போவார், முன்னே போகமாட்டார். ஜப்பானில் பள்ளிப் பிரயாணத்துக்கு 1886 முதல் சரித்திரம் உண்டு. இன்று அங்கே கியோத்தோ முதலிய ஊர்களுக்கு வரும் மாணாக்கர், நாலைந்து பேர் கொண்ட கூட்டங்களாகப் பிரிந்து, தாம் முன்னரே வகுத்த வழிப்படி ஊர்ப் பேருந்துகளில் ஏறிச் சுற்றி, குறித்த நேரத்துக்குத் திரும்பி வருவது சாதாரணக் காட்சி. அவ்வளவு தூரம் போவானேன்? நமது பேராக்கின் லுமுட்டிலேயே, கடலையும் காட்டையும் கொண்டு இளைஞர்களின் மன உறுதியை வளர்க்கும் பள்ளி ஒன்று 1954-இல் ஏற்பட்டது. குர்ட் ஹான் என்பார் 1941-இல் வேல்ஸ் நாட்டில் தொடங்கிய முறையைப் பின்பற்றியது அது. ஆனால் படகு வலிப்பதும் மலையேறுவதும் வளர்ந்தவர்க்கு ஏற்றவை. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். ஈப்போவின் நாலு வீதிகள் போதும்.

எவ்வாறு என்று சொல்லுகிறோம். இருபது பிள்ளைகள் உள்ள ஐந்தாம் வகுப்பு ஒன்று ஈப்போவுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தனிப் பேருந்து வேண்டாம். ஊர்ப் பேருந்தில் வரட்டும். முந்திய வாரமே கால அட்டவணையைப் பிள்ளைகள் பார்த்துவைக்கட்டும். ஐவர் கொண்ட நாலு கூட்டம். கூட்டத்துக்கு ஒரு பணப்பை. அதில் இருக்கும் வெள்ளியைக்கொண்டு எல்லாரும் பசியாற வேண்டும், திரும்பிப் போகச் சீட்டும் வாங்க வேண்டும். பழைய பட்டணப் பகுதியில் மூன்று இடங்களைத் தேடிப் போக வேண்டும். ஒருவரும் தனியே பிரியக் கூடாது; தெருவைக் கடக்கும்பொழுது ஐவரும் சேர்ந்தே கடக்க வேண்டும்; பன்னிரண்டு மணிக்கு ரயில் நிலையத்தின் முன் வந்து சேர வேண்டும். ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்து 1917-இல் முடிந்த அந்த வெள்ளை மாளிகையை ஈப்போவில் யாரைக் கேட்டாலும் காட்டுவர். உபாத்தியாயர் அங்கே உட்கார்ந்திருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் ஒரு பெற்றோர் ஐம்பதடி தூரத்தில் நடக்கட்டும். வண்டியோ வம்போ நேர்ந்தாலன்றி வாய் திறக்கலாகாது. இந்தக் கடைசி நிபந்தனையைக் காப்பாற்றுவது பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே கடினமாக இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

அதன்பின் நடப்பது ஊகிக்கத் தக்கதே. ஒரு கூட்டம் வழி தவறும். அறிமுகமில்லாத ஒரு சீனக் கடைக்காரரிடம் மலாய் மொழியில் வழி கேட்க வேண்டியிருக்கும். வகுப்பில் மலாய்ப் பாடத்தில் முதல் மார்க்கு வாங்குகிறவன் நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்பான், கடைசி வரிசைப் பெண் முன்னே போய்க் கேட்டுவிடுவாள். ஒரு கூட்டம் முதல் கடையிலேயே ஐஸ் வாங்கித் தின்று, பிறகு கையிருப்பைப் பார்த்துத் திகைக்கும். யார் வாங்கச் சொன்னது என்று சண்டை வரும். அச்சண்டையை ஐவரும் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் தீர்த்துவைக்கப் பக்கத்தில் ஆளில்லை. சுயேச்சை என்பது தனியே நிற்பது என்று பலர் எண்ணுகின்றனர். பிறரோடு சேர்ந்து ஒரு தீர்மானத்துக்கு வந்து, அது தவறானால் அதன் பலனையும் சேர்ந்து அனுபவிப்பதே அதில் கடினமான பகுதி.

கால்களுக்கு மட்டுமன்றிப் புத்திக்கும் சுயேச்சை வேண்டும். அதற்கும் ஈப்போவில் ஓர் இடம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்குச் சிறிது தூரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. பேராக்கின் முதல் ஆங்கில ரெசிடெண்டாயிருந்து 1875-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பர்ச் என்பவரின் நினைவாக 1909-இல் எழுப்பியது. அதன் அருகிலேயே செல்லும் வீதி, அக்கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட மகாராஜா லேலாவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. கொல்லப்பட்டவருக்குக் கோபுரம், கொன்றதற்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு வீதி! இவ்விரண்டில் எது நியாயம், அல்லது இரண்டும் நியாயமா என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு உபாத்தியாயர் சும்மா இருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுக்கும் விடையைவிட, இவர்கள் தட்டித் தடவிக் கண்டுபிடிக்கும் அரைகுறை விடையே மேலானது. பத்துகாஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுகின்றனர். அங்கே போய் வந்தவர்கள் பேய்க் கதைதான் சொல்லுகின்றனர். 1926-இல் கெல்லி ஸ்மித் இறந்ததால் முடிவுபெறாமல் நின்ற அம்மாளிகையைக் கட்டியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர்கள் என்பதையும், அவர்களுள் நோய் பரவியபொழுது அவர்கள் கேட்டதற்கிணங்க எழுந்த மாரியம்மன் கோயிலின் மேலே தெய்வங்களின் நடுவே அந்தத் துரைக்கும் ஒரு பொம்மை நிற்கிறது என்பதையும் கண்டு வருபவர் எத்தனை பேர்? அந்தப் பொம்மையை ஏன் வைத்தார்கள்? நன்றியா, அச்சமா, பரிகாசமா? இதற்கு வழிகாட்டிப் புத்தகத்தில் விடை கிடையாது. பிள்ளை தானே யோசிக்க வேண்டியதுதான். கோலகங்சாரில் 1877-இல் வந்த முதல் ரப்பர்க் கன்றுகளுள் எஞ்சிய ஒரு மரம் வேலிக்குள் நிற்கிறது. பாட்டி வெட்டிய மரங்களின் மூதாதை அது. அதன் முன் ஐந்து நிமிஷம் நிற்க விட்டால் போதும். பிரசங்கம் வேண்டியதில்லை.

இனி அபாயத்தைப் பற்றி. பிறர் பெற்ற பிள்ளையை அபாயத்துக்கு உட்படுத்த உபாத்தியாயருக்கு யார் உரிமை கொடுத்தார் என்னும் கேள்வி நியாயமானது. அதைச் சிரித்துத் தள்ளுகிறவர்களிடம் நம் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம். ஆனால் அபாயம் என்பது ஒரே சரக்கன்று. திருத்தக்கூடியதும் உண்டு, திருத்த முடியாததும் உண்டு. வழி தவறுதல், பணம் குறைதல், பசித்தல், நாலு பேர் முன் நாணுதல் ஆகியவை மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆற்று வெள்ளம் அப்படியன்று. மேல்மலையில் பெய்த மழை, கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்களை ஒரு நொடியில் அடித்துக்கொண்டு போவது மலைசூழ்ந்த இந்த மாநிலத்தில் எவரும் அறிந்த விஷயம். குகையும் கடலும் நெடுஞ்சாலையும் அவ்வாறே. அங்கெல்லாம் பிள்ளையின் கையை இறுகப் பற்றவேண்டியதுதான். அங்கே சுயேச்சை பேசுவது மடமை. நடைமுறையில் நாம் காண்பதோ தலைகீழ். வரிசையைவிட்டு இரண்டடி விலகிய பிள்ளையை அதட்டுகிறோம். அந்த நாற்பது பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இருட்டில் புறப்படும் பேருந்தின் ஓட்டுநர் முந்திய இரவு தூங்கினாரா, சக்கரம் தேய்ந்திருக்கிறதா, இடுப்பு வார் இருக்கிறதா என்று கேட்பவர் சிலரே. திருத்தக்கூடிய அபாயத்துக்கு நூறு காவல். திருத்த முடியாததற்குத் தெய்வத்தின்மேல் பாரம். பெற்றோரின் கையொப்பம் வாங்கி, இலாகாவின் அனுமதியும் வாங்கிவிட்டால் கடமை தீர்ந்ததாக நினைப்பது உபாத்தியாயரைக் காப்பாற்றலாம், பிள்ளையைக் காப்பாற்றாது.

அன்றியும், தள்ளிப்போட்ட அபாயம் ஒழிந்துபோவதில்லை. பதினேழு வயதில் அப்பிள்ளை வேலை தேடிக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போகத்தான் போகிறான். அதுவரை ஒரு பேருந்துச் சீட்டும் தானே வாங்கிப் பழகாதவன், அன்றைக்கு வாடகை அறை, கடன்காரன், கூடாத சிநேகம், ஏமாற்று ஏஜெண்டு ஆகிய எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சந்திக்கிறான். பதினொரு வயதில் ஐந்து வெள்ளியை இழந்து கற்கவேண்டியதை அவன் பதினேழில் என்ன விலை கொடுத்துக் கற்கிறான் என்பதைத் தோட்டப்புறத்திலிருந்து பட்டணம் போன பிள்ளைகளின் தாய்மார்களைக் கேட்டால் தெரியும்.

பணத்தின் விஷயம் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். கோலாலம்பூர் உல்லாசப் பூங்காவுக்குப் போகும் பிரயாணத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை, அன்றைக்கு வீட்டில் தங்கிவிடுகிறான். மறுநாள் கட்டுரையும் அவன் எழுத வேண்டும்! பிள்ளைகளுள் ஒருவனை விட்டுவிட்டுப் போகும் பிரயாணம் போகாமலிருப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம். நாம் சொல்லும் ஈப்போப் பிரயாணத்துக்குப் பேருந்துச் சீட்டும் ஒருவேளைச் சாப்பாடும்தான் செலவு. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று வருந்தும் பழைய தோட்டப் பள்ளிகளுக்கு இது இன்னும் எளிது. இருநூறு பிள்ளைகளை நாலு நாலாகப் பிரித்துவிடுவது இயலாத காரியம். இருபது பிள்ளைகளை விடலாம். அப்பள்ளிகளின் குறையென்று எல்லாரும் சொல்லும் சிறுமையே இங்கே அவற்றின் வசதியாகிறது.

பெண் பிள்ளைகளை விடமாட்டோம் என்று சொல்லும் தந்தைமார் இன்னும் இருக்கின்றனர். ஆண் பிள்ளை வழி தவறினால் வந்துவிடுவான், பெண் பிள்ளை வழி தவறினால் என்னாவது என்பது அவர்கள் வாதம். இவர்கள் யாருடைய பிள்ளைகள்? விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முந்நூறு நானூறு மரம் உள்ள நிரையில் தன்னந்தனியே நின்று வெட்டிய பெண்களின் பிள்ளைகள். அந்தப் பெண்கள் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து லயத்திலே உட்கார்ந்திருந்தால் இந்தத் தந்தைமார் வயிறு வளர்ந்திருக்காது. பெண் இருட்டில் தனியே கூலிக்குப் போகலாம், வெயிலில் நாலு பேரோடு படிப்புக்குப் போகலாகாது என்பது எந்தச் சாஸ்திரம்? ஐவர் கொண்ட கூட்டத்தில் மூவர் பெண்களாக இருக்கட்டும். பணப்பை பெண்ணின் கையில் இருக்கட்டும். வீட்டுக் கணக்கைத் தாய்மார்களே சமாளித்துவரும் குடும்பங்களில் இதற்கும் ஆட்சேபம் கிளம்புமானால் வியப்புத்தான்.

கடைசியாக அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு சொல். பிரயாணம் முடிந்த மறுநாள் கட்டுரை எழுதச் சொல்ல வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தலைப்பை மாற்றினால் போதும். எந்த இடத்தில் வழி தவறினீர்கள், யாரைக் கேட்டீர்கள், பணம் எதில் அதிகமாகச் செலவாயிற்று, ஐவரில் யார் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நாலு கேள்விகளைப் பலகையில் எழுதிவிட்டு, பதில்களுக்கு மார்க்குப் போடாமல் படித்துப் பாருங்கள். நாற்பதும் ஒன்றுபோல் இருக்கமாட்டா. சில காகிதங்களில் கணக்கு ஐம்பது காசு உதைக்கும். அந்த ஐம்பது காசு எங்கே போயிற்று என்று அக்கூட்டத்தார் ஐவரும் கடைசி மணி அடித்த பின்னும் வகுப்பில் நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள். உபாத்தியாயர் தம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம்.